கையிருப்பு

ஃபெர்மின் குப்புறப் படுத்திருக்கிறான்.
மெத்தையில் வட்டமாய் ஒரு ஓட்டை,
அதற்குள் அவன் முகம்.
அங்கிருந்து பார்த்தால் இஸ்தான்புல் முழுவதுமே
என் வலதுகால் செருப்புதான்:
பச்சை, வார் அறுந்தது.
இருபது நிமிடமாக அதனிடம்
பேசிக்கொண்டிருக்கிறான்.

சரகோசாவில் இறைச்சிக்கடையாம்.
மே மாதம் தங்கைக்குக் கல்யாணமாம்.
போன தடவை வேறொரு இடத்தில்,
நீச்சல்குளத்து ஓட்டலும் சேர்த்த விலைக்கு,
ஐயாயிரம் பிடுங்கி நட்டார்களாம்.
மொழிபெயர்க்கும் பெண்
எண்ணை மட்டும் இரண்டு முறை சொன்னாள்.

சிரைத்தபோதே பார்த்துவிட்டேன்.
பூச்சி அரித்த கம்பளிபோலப் பின்தலை.
உச்சியில் நாணயமளவு
வழவழவென்று ஒரு திட்டு.
நெருக்கி நெருக்கிக் குத்தியதில்
ரத்தம் வர வழியில்லாமல்
தோல் செத்த இடம்.
அதில் இனி நட்டால் பிடிக்குமா?
பாதி பிடித்தால் அதிர்ஷ்டம்.

முன்பு நான்
குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸ்.
நூலினும் மெல்லிய நாளத்தைக்
கண்ணை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கும் விரல்.
அங்கே ஒரு மாதச் சம்பளம்
இங்கே ஒன்பது தலை.
விரல்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

குறை சொல்லவும் முடியாது, கருவிகள் நல்லவை.
நீலக்கல்லில் தீட்டிய கத்தி,
முக்கால் மில்லிமீட்டர் துளை,
எந்த வேரில் எத்தனை இழை என்று
எண்ணிச் சொல்லும் காமிரா.
என் மாமனாருக்கு
காதிலிருந்து காதுவரை ஒரு பட்டையை
அப்படியே அறுத்தெடுத்தார்கள்.
இன்றும் தொப்பியில்லாமல் குனிய மாட்டார்.

ஆனால் இத்தனை நாளில்
ஒரு கருவியும் ஒரு மயிரைப்
புதிதாகச் செய்துவிடவில்லை.
முன்னால் செலவழிப்பதெல்லாம்
பின்னால் இருந்த கையிருப்பு.

குளிர்ந்த உப்புநீர்த் தட்டில் அடுக்குகிறேன்:
ஒற்றை, இரட்டை, மூன்று.
நெற்றிக்குக் குடிபோனாலும்
பின்தலையின் ஆயுளைத்தான் வாழும்.
நானும் ட்ராப்ஸோனிலிருந்து வந்தவள்,
எனக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

டாக்டர் ரெஃபிக் காலையில் வந்தார்,
பேனாவால் நெற்றியில் ஒரு கோடு,
காகிதத்தில் ஒரு கையெழுத்து,
அடுத்த அறைக்குப் போய்விட்டார்.
நான்கு அறை, நான்கு தலை.
தலையெழுத்து எழுதுகிறவருக்கு
எப்போதுமே அவசரம்போல.

ஆயிரத்து நூற்று நாற்பதில்
துளைக்கருவியை வைத்துவிட்டேன்.

பெர்ரின் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தாள்:
"மூவாயிரம் சொல்லியிருக்கிறோம்."
விளக்கைத் திருப்பி
அந்தப் பின்தலையைக் காட்டினேன்.
பார்த்தாள். மனதுக்குள் கூட்டிக் கழித்தாள்.
"மீதிப் பணம்?"
"திருப்பிக் கொடு."
"யார் சம்பளத்திலிருந்து?"
கதவு தானாகவே சாத்திக்கொண்டது.

அவனிடம் சொல், என்றேன் அந்தப் பெண்ணிடம்.
இதற்கு மேல் எடுத்தால்
பின்னால் வெறும் தோல்தான்.
நட்டதும் மூன்றாம் வாரம் உதிரும்,
பயப்பட வேண்டாம், வேர் உள்ளே இருக்கும்.
நாலாம் மாதம் எட்டிப் பார்க்கும்.
ஒரு வருடம் ஆக வேண்டும்,
தலை என்று சொல்ல.

சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது:
இது மார்ச்.
மே மாதம், கல்யாணப் படத்தில்,
இன்று இருப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.
பணம் கட்டியபோது
ஒருத்தரும் நாள்காட்டியைப் புரட்டவில்லை.

அவள் சொல்லி முடித்தாள்.
ஓட்டைக்குள் நெடுநேரம் மூச்சு மட்டும்.
கட்டிலின் கம்பியைப் பிடித்திருந்த கை
மெல்லத் தளர்ந்தது;
கட்டைவிரலில் பழைய கத்திவெட்டு.

பிறகு நீளமாக ஏதோ சொன்னான்.
அவள் சுருக்கமாகச் சொன்னாள்:
"செருப்பு வார் அறுந்திருக்கிறதாம்.
தடுக்கி விழுந்துவிடாதீர்கள் என்கிறார்."

அவனைத் திருப்பிப் படுக்கவைத்தோம்.
கண் சிவந்திருந்தது,
அழுதிருக்கலாம்,
குப்புறக் கிடந்தாலும் அப்படித்தான் ஆகும்.

செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தேன்.
தட்டில் ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒற்றைகளை எடுத்து
முன்வரிசையிலிருந்து தொடங்கினேன்.